மறைக்க ஒன்றுமில்லாதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு இப்போது தக்கலை பக்கம் ரப்பர் தோட்டத்தைக் கவனித்துக்கொள்கிறேன். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தாள். அவள் போட்டோவையும் மார்க் ஷீட்டையும் ஃபேஸ்புக்கிலும் குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன். எடுக்கச் சொல்லி அழுதாள். இப்போது என்னோடு பேசுவதில்லை. நம்ம ஊரில் யார் வீட்டில் என்ன மீன் கறி என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். ஆதார் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்கிறோம். தப்பு செய்கிறவனுக்குத்தானே பயம்? நமக்கு மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மகள் கட்சி.

ஊருக்குள் உங்கள் வீட்டு விஷயத்தைப் பேசுகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டு விஷயமும் உங்களுக்குத் தெரியும். வரம்பு மீறினால் முற்றத்தில் போய் நின்று கேட்கலாம். அந்த மார்க் ஷீட்டைப் பார்த்தவர்கள் யார் யாரென்று உங்களால் சொல்ல முடியுமா? அதில் அவள் பெயர், பிறந்த தேதி, பதிவெண், பள்ளி எல்லாம் இருக்கிறது. ‘உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று பெற்றோரை அழைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் சரியாகச் சொல்லும் குரலை எந்த அம்மாவும் நம்பிவிடுவாள். அப்படிப் பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். தாமதித்தால் பணம் கை மாறிப் போய்விடும்.

ஆனால் மோசடி பயத்தை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்று, தக்கலை இருக்கும் கல்குளம் தாலுகாவிலிருந்து ஒருவர் கேட்பது என்னை உலுக்குகிறது. இதே மண்ணில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்வதற்காகச் சந்தையிலும் தெருவிலும் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் அரசு அவர்கள் மூடிக்கொள்ள அனுமதித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்தப் பெண்கள் செய்த தப்பு என்ன? எதைக் காட்டுவது, எதை மூடுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அதிகாரம் உள்ளவன் எப்போதும் மூடிக்கொண்டுதான் இருந்தான். திறந்து கிடக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் அதிகாரம் இல்லாதவனுக்குத்தான்.

2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது, எனக்கு நினைவுக்கு வந்தது நம் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள்தான். அந்த உரிமை தப்பு செய்யாதவருக்கும் உண்டு.

ஆதார் விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது எளிது. முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை அதன் இணையதளத்திலேயே எடுக்கலாம். பல இடங்களில் அது போதும். கைரேகையையும் அங்கேயே பூட்டி வைக்கலாம். ரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி இருக்கிற காலத்தில் அதைத் திறந்து போடாதீர்கள்.

மகளுக்கு வருகிறேன். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. அந்த வயதுவரை அவளுக்காகச் சம்மதம் சொல்கிறவர் நீங்கள். அவளோ வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவள் மார்க் உங்களுக்குப் பெருமை, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முகமும் அந்த மார்க்கும் அவளுடையவை.

இன்றைக்கே இரண்டு இடத்திலும் அதை எடுத்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் வைத்திருக்கும் மாமாக்கள், சித்தப்பாக்களிடமும் நீங்களே பேசி எடுக்கச் சொல்லுங்கள், அவளைச் சொல்ல விடாதீர்கள். இனி அவள் படம் எதையாவது போட ஆசைப்பட்டால், முதலில் அவளிடம் காட்டிக் கேளுங்கள்.