சர்நேம் கட்டம் காலியா? சிங்கப்பூர் போகலாம்

கேள்வி: நான் மேலூர்க்காரன், ஓய்வுபெற்ற ஆசிரியர். சிங்கப்பூரில் பி.ஆர். (நிரந்தரவாசம்) வாங்கியிருக்கும் மகள் வீட்டில் நானும் மனைவியும் மூன்று வாரம் தங்கி, நடுவில் மலேசியாவும் பார்த்துவர ஆசை. எங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. கடைசிப் பக்கத்தில் மட்டும் அப்பா பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டை மாற்றாமல் விசா கிடைக்காது, வங்கியில் ஆளுக்கு 2 லட்சம் போட்டுவையுங்கள் என்கிறார் ஏஜென்ட். அடுத்த வருடம் துபாயில் மகனிடமும் போக வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: சிங்கப்பூருக்காக என்றால் பாஸ்போர்ட்டைத் தொடவே வேண்டாம் ஐயா. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகிய நாம் சர்நேமுக்கு எங்கே போவது? சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறை நம் ஆட்களைப் பார்த்துப் பழகியதுதான். 14ஏ என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரை எழுதுங்கள். ஆதாரில் இனிஷியல் இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்து முன்னால் ஒட்டினால்தான் வம்பு.

பெயர் இடிக்கும் இடம் விமான டிக்கெட். சர்நேம் இல்லாமல் இணையத்தில் டிக்கெட் போடும் பக்கம் நகராது. அதற்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

துபாய் கதை வேறு. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அமீரகம் அறிவித்ததும் இங்கே ஒரே பதற்றம். பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. உங்களுக்கு அது இருக்கிறது. இருந்தாலும், பாஸ்போர்ட் காலாவதியாகி எப்படியும் புதுப்பிக்கப் போகும்போது பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. அமெரிக்கா போகிறவர்களுக்கும் அது உதவும். அங்கே விசா படிவத்தில் நம் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய், பெயர்க் கட்டத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று வந்து உட்காரும். பெயர் தெரியாதவர் என்று அதற்கு அர்த்தம்!

அப்புறம் அந்த 2 லட்சம். தயவுசெய்து கைமாற்று வாங்கிப் போடாதீர்கள். மாதாமாதம் பென்ஷன் ஏறி, மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும் இறங்கும் கணக்கே நம்பத்தக்கது. விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் திடீரென்று பெருந்தொகை வந்து உட்கார்ந்தால், எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் முதலில் எழும்.

உங்கள் மகள் பி.ஆர். என்பதால், 21 வயது ஆகியிருந்தால் சிங்பாஸ் என்ற சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளக் கணக்கு வழியாக அவரே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர். விசா மறுத்தாலும் திரும்ப வராது. ஏஜென்ட் மூலம்தான் என்றால், அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

போட்டோவை அலட்சியம் செய்யாதீர்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு எடுத்தபோது, தம்பி ஆர்வக்கோளாறில் நரையைக் கறுப்பாக்கி, கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிட்டார். படத்தில் இருந்தது யாரோ என் சித்தப்பா பையன். மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, 30 நாள் தங்கலாம். ஆனால் அங்கே போய்விட்டு மகள் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே! சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகே, எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் பஸ் ஏறுங்கள்.

இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அரசுத் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள். இதையும் மகளிடமே விட்டுவிடலாம்.