அம்பாப் பாட்டுக்கு 2 லட்ச ரூபாய் ப்ரீஆம்ப் தேவையா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அண்ணா. தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் பாம்பனிலும் கரைவலை இழுத்த பெரியவர்களைத் தேடிப் போய், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பதிவு செய்கிறேன். அப்பத்தாக்களிடம் ஒப்பாரியும் கேட்டு எடுக்கிறேன். ஷூர் எஸ்எம்7பி மைக்கும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸும் இருக்கின்றன. குரல் தாழும்போதெல்லாம் பின்னால் 'ஸ்ஸ்' என்று இரைகிறது. சென்னைக் கடையில் கேட்டால், நீவ் 1073 வகை ப்ரீஆம்ப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் கையில் இருக்கிறது. வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. சீட்டுப் பணத்தில் கை வைக்காதீர்கள். நீங்கள் செய்கிற வேலை பெரிய வேலை. அந்தப் பாட்டைப் பாடத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். அதனால்தான் இந்தப் பணம் தப்பான பெட்டியில் போய் முடங்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

மைக்கில் இருந்து வருவது மிக மெல்லிய மின்சாரம். அதைப் பதிவு செய்யத்தக்க அளவுக்குப் பெருக்குவதுதான் ப்ரீஆம்பின் வேலை. எஸ்எம்7பி, 94 டெசிபல் சத்தத்துக்கே 1.12 மில்லிவோல்ட்தான் தரும். வயதான ஒருவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பாடினால் மைக்குக்கு வந்து சேருவது 70 டெசிபல் வாக்கில் இருக்கும். அப்போது மின்சாரம் இன்னும் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் பெருக்கம் வேண்டும் என்று ஷூர் கம்பெனியே சொல்கிறது. உங்கள் ஸ்கார்லெட்டின் உச்சம் 56. குமிழைக் கடைசிவரை திருப்பியும் போதாமல், கணினியில் ஏற்றிக் கேட்கிறீர்கள். சரிதானே?

கடைக்காரர் பெருக்கம் போதவில்லை என்றால் அது உண்மை. 1073 வாங்கினால் இரைச்சல் போய்விடும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ப்ரீஆம்ப் சொந்தமாகச் சேர்க்கும் இரைச்சலை உள்ளீட்டு அளவில் கணக்கிட்டு ஓர் எண் தருவார்கள். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாக இருந்தால் இரைச்சல் குறைவு என்று அர்த்தம். 150 ஓம் மூலத்துக்கு அறை வெப்பமே உண்டாக்கும் இரைச்சல் ஏறக்குறைய மைனஸ் 131 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு). அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே போக எந்தக் கம்பெனிக்கும் வழியில்லை. உங்கள் ஸ்கார்லெட்டுக்குச் சொல்லப்படுவது மைனஸ் 128. நீவ் 1073-க்குச் சொல்லப்படுவது மைனஸ் 125. இரண்டும் ஒரே முறையில் அளந்தவை அல்ல. ஸ்கார்லெட்டின் எண் காதின் உணர்திறனுக்கு ஏற்ப 'ஏ வெயிட்டிங்' செய்தது, அதனால் இரண்டு டெசிபல் அளவுக்கு அழகாகத் தெரியும். அதைக் கழித்துப் பார்த்தாலும், பத்து மடங்குக்கு மேல் விலை கொடுத்து இரைச்சலில் நீங்கள் சம்பாதிப்பது ஒன்றுமில்லை.

1073 மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. 1970-இல் லண்டனில் வெசெக்ஸ் ஸ்டுடியோவின் மிக்சருக்காக ரூபர்ட் நீவ் கம்பெனி உருவாக்கியது அது. உள்ளேயும் வெளியேயும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் குரலின் அடிப்பக்கம் கனத்து வரும். அந்த நிறத்துக்காகத்தான் ஐம்பது வருடம் கழித்தும் அதைத் தேடி வாங்குகிறார்கள். சினிமாப் பாட்டுக்கு அந்த நிறம் அழகுதான். அம்பாப் பாட்டை ஆவணமாக்கும் உங்களுக்கு, அந்தப் பெரியவரின் குரல் எப்படி இருந்ததோ அப்படியே வந்தால் போதாதா?

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு எக்ஸ்எல்ஆர் பிளக்கும் (மைக் வயரில் இருக்கும் மூன்று பின் பிளக்) 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்கி, ரெசிஸ்டரை இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவில் பற்றவையுங்கள். மைக் வயர் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரமான பேன்டம் பவரை அணைத்துவிட்டு, மைக் இருந்த இடத்தில் இதைச் செருகி, குமிழ் அதே நிலையில் இருக்க ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். 'ஸ்ஸ்' அப்படியே இருந்தால் அது பெருக்கத்தின் இரைச்சல். குறைந்துவிட்டால் அது மின்விசிறியோ, ஃப்ரிட்ஜோ, கூரை மேல் வீசும் காற்றோ, கடலோதான். பெட்டியைக் குறை சொல்லி இரண்டு மாதம் அலைந்துவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டு ஏசிதான் காரணம் என்று கண்டுபிடித்தவன் நான்.

பெருக்கத்தின் இரைச்சல்தான் என்றால், மைக்கைக் கிட்டே கொண்டு போங்கள். தூரம் பாதியானால் 6 டெசிபல் லாபம், செலவு கிடையாது. அடுத்து மைக்கை மாற்றுங்கள். ரோட் என்டி1-ஏ போன்ற கண்டன்சர் மைக் அதே 94 டெசிபலுக்கு 25 மில்லிவோல்ட் தருகிறது. எஸ்எம்7பி தருவதைப் போல 22 மடங்கு. மைக்கின் சொந்த இரைச்சல் 5 டெசிபல்தான். அதற்கு வேண்டிய 48 வோல்ட் பேன்டம் பவர் உங்கள் ஸ்கார்லெட்டிலேயே இருக்கிறது. ஸ்கார்லெட்டின் இரைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மொத்த இரைச்சல் இப்போது இருப்பதைவிட 17 டெசிபல் வாக்கில் இறங்கும். எந்த ப்ரீஆம்பும் எஸ்எம்7பி-க்கு இந்த லாபத்தைத் தராது. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டும் கிளவுட்லிஃப்டர் என்ற சிறு பெருக்கியை வாங்கச் சொல்வார்கள். அது 25 டெசிபல் பெருக்கம் கூட்டும், குமிழைக் கடைசிவரை திருப்ப வேண்டியிருக்காது. இரைச்சலுக்கு அது மருந்தாகாது.

ஒரு எச்சரிக்கை. கண்டன்சர் மைக்குக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து உப்புக்காற்றில் வெளியே வைத்தால் 'படபட' என்று பொரிய ஆரம்பிக்கும். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். வேலை முடிந்த அன்று இரவே உள்ளே போய்விட வேண்டும்.

கேள்வி: கீழக்கரை. துபாயில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது நல்ல ப்ரீஆம்ப் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். அங்கே விலை குறைவாம். அமெரிக்காவில் இருந்து வரவழைத்த பழைய பெட்டியும் ஒன்று கிடைக்கிறதாம். எதை வாங்கச் சொல்ல?

பதில்: துபாயில் விற்கும் புதியது நம் 230 வோல்ட்டில் ஓடும், பிளக் முனை மட்டும் வேறு. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கு அமைத்ததாக இருக்கலாம். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, வோல்ட்டேஜ் மாற்றும் வசதி இருக்கிறதா என்று மச்சானைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்க்காமல் நம் வீட்டில் செருகினால் பவர் சப்ளை அந்த நொடியே போய்விடும்.

பழையதை எடுப்பதானால் ஒரு மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். பேன்டம் போட்டு, முதல் பின்னுக்கும் இரண்டாம் பின்னுக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். பிறகு முதலுக்கும் மூன்றாவதுக்கும். இரண்டிலும் 44-இல் இருந்து 52 வோல்ட்டுக்குள், ஒரே அளவாக வர வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் உள்ளே 6.8 கிலோஓம் ரெசிஸ்டரோ வேறு எதுவோ அடிபட்டிருக்கிறது.

அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி உண்டா என்பதை வாங்கும் முன் அந்தக் கம்பெனியின் இந்திய விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். சுங்க வரிச் சலுகைக்கும் வரம்பு உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு 'விலை குறைவு' என்று சொல்லுங்கள்.

கேள்வி: உச்சிப்புளி பக்கம் எங்கள் கோயில் கும்பாபிஷேகத்தில் நாதஸ்வரக் கச்சேரி. நன்றாகப் பதிவு செய்து வைக்க ஆசை. மைக் செட்காரர் தன் மிக்சரில் இருந்து லைன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். உயர்ரக ப்ரீஆம்ப் வாடகைக்கு எடுப்பது நல்லதா?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்னதை இங்கே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். நாதஸ்வரமும் தவிலும் இருக்கும் இடத்தில் இரைச்சல் எண்ணைப் பார்க்க வேண்டியதே இல்லை. பெருக்கமும் அதிகம் வேண்டாம். எவ்வளவு சத்தம் வந்தாலும் உடையாமல் தாங்குகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே வரும் அளவை 20 டெசிபல் குறைக்கும் பேட் சுவிட்ச் இருக்கிற பெட்டியாக எடுங்கள். நாதஸ்வரத்தின் அகன்ற வாயான கீழ் அணைசுக்கு நேர் எதிரே மைக்கை நீட்டாதீர்கள். விரல் துளைகளில் இருந்தும் நாதம் வருகிறது. நாலடி தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால்தான் முழு நாதஸ்வரமும் பேசும். தவிலுக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று.

மிக்சர் லைன் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. செட்காரர் கூட்டத்துக்காக ஏற்றி இறக்குவார், நடுவில் 'சிவப்பு நிற ஸ்கூட்டரை எடுக்கவும்' என்று அறிவிப்பு வரும், எல்லாம் உங்கள் பதிவில் ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மைக் ஸ்பிளிட்டர் கிடைத்தால் வாடகைக்கு எடுங்கள். அவருக்கு ஒரு கிளை, உங்களுக்கு ஒரு கிளை. பேன்டம் பவர் யார் பக்கத்தில் இருந்து வருகிறது என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. மணல் பூமியில் எர்த் சரியாகப் பிடிக்காது, மேலே ஜெனரேட்டர் வேறு. ஊர்க் கந்தூரி ஒன்றில் நல்ல ப்ரீஆம்ப் நான்கு சேனல் கொண்டு போய் வைத்து, ஜெனரேட்டர் மாற்றிய நேரத்தில் பதிவு முழுக்க 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறி, இரண்டு மணி நேரத்தையும் இழந்தேன். அன்றில் இருந்து பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர்தான். சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ-3 இரண்டாம் பதிப்பு, ஸூம் எஃப்6 போன்றவற்றில் நல்ல ப்ரீஆம்பும் இருக்கிறது, 32 பிட் ஃப்ளோட் பதிவும் இருக்கிறது. குமிழைத் தப்பாக வைத்திருந்தாலும் பிறகு அளவைச் சரிசெய்துகொள்ளலாம். மைக்கே உடைந்து ஒலித்தால் மட்டும் அதைக் காப்பாற்ற முடியாது. காற்றுக்கும் அதே கதைதான். திறந்த வெளியில் மைக்குக்கு ரோம உறை போடாமல், தாழ்ந்த ஒலியை வெட்டும் ப்ரீஆம்பின் லோகட் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்.

அட்டையில் எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிக்ஸ்ப்ரீக்கு மைனஸ் 130 என்று போட்டிருப்பார்கள். அது டிபிவி என்ற வேறு அலகின் கணக்கு. டிபியுவுக்கு மாற்றினால் மைனஸ் 128-க்குப் பக்கத்தில் வரும். அலகு பார்க்காமல் இரண்டு பெட்டியை ஒப்பிட்டு 'இது ஒசத்தி' என்று முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: தொண்டியில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், நான் ஒருவன்தான் வேலை செய்கிறேன். 85,000 ரூபாய்க்கு வாங்கிய ப்ரீஆம்ப் பத்தே மாதத்தில் ஒரு சேனல் பொரிகிறது. 'ஈரம் பட்டது, வாரண்டி இல்லை' என்கிறார்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டாவது சொன்னது உங்கள் விஷயத்தில் பொருந்தாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் ஒருவரே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் புகாரில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

எனக்கும் இதே போல் நடந்திருக்கிறது. வெளியூர் சர்வீஸ் சென்டர் ஒன்று, சர்க்யூட் பலகையில் பச்சை பிடித்திருப்பதாக ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியது. படம் கேட்டேன், தரவில்லை. உங்களுக்கு அந்த நிலை வேண்டாம். பழுது எங்கே, எந்தப் பாகம், படத்தோடு எழுத்தில் தாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். கடலோரத்துக் காற்றில் இயல்பாக இருக்கும் ஈரத்தை, தண்ணீர் கொட்டியதோடு சேர்த்து வாரண்டி அட்டை விலக்குகிறதா என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். பெரும்பாலும் 'திரவம் பட்டால்' என்றுதான் இருக்கும். காற்று திரவம் இல்லை, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அங்கேயே பல விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால், கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ராமநாதபுரம் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி பில், சீரியல் எண் தெரியும் படம், பொரியும் சத்தத்தின் பதிவு மூன்றையும் இணையுங்கள். ஒலிப்பதிவு செய்வதுதானே உங்கள் வேலை. நல்ல சேனலையும் பழுதான சேனலையும் அடுத்தடுத்து ஒரே கோப்பில் போட்டு அனுப்புங்கள்.