யாருக்கு ஆச்சரியம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஆங்கிலத்தில் பயணக் கட்டுரைகள் எழுதிவருகிறேன். ஆச்சரியத்தை இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம் என்பது எனக்கு ஆங்கிலத்தில் மிகவும் பிடித்த விஷயம். ‘சர்ப்ரைசிங்லி கிளீன்’, ‘ஸ்ட்ரேஞ்ச்லி கைண்ட்’ என்று ஓர் அட்வெர்பையும் அட்ஜெக்டிவையும் ஜோடி சேர்த்தால் போதும். ஆனால் என் கட்டுரையைப் படித்த எடிட்டர் இந்த ஜோடிகளையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் சொல்லவில்லை. வட்டம் விழுந்த வரிகளில் ஒன்று, ஏற்காட்டில் நான் தங்கிய விடுதியைப் பற்றியது: “தி ரூம் வாஸ் சர்ப்ரைசிங்லி கிளீன், அண்ட் தி ஓல்டு வாட்ச்மேன் ஸ்போக் சர்ப்ரைசிங்லி குட் இங்கிலீஷ்.”

இப்படி எழுதுவது தவறா? ஒரு பக்கத்துக்கு எத்தனை வரை போகலாம்? நடுவில் ஹைபன் போட வேண்டுமா? இதையே தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஹைபன் வேண்டாம். ‘எல்ஒய்’யில் முடியும் அட்வெர்பை அடுத்த சொல்லோடு அப்படி ஒட்டுவதில்லை. பக்கத்துக்கு எத்தனை என்பது குழம்புக்கு எத்தனை கல் உப்பு என்று கேட்பது போல. அதை விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜைமேல் ஒரு பழுப்பேறிய காகிதம் இருந்தது. அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது கிடைத்தது. அதிலும் ‘சர்ப்ரைசிங்லி குட்’ இருக்கிறது. ஒரு வாரமாக அந்த இரண்டு சொற்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு உடனே எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அட்வெர்பே ஆகாது என்று ஒரு கட்சி ஆங்கிலத்தில் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ‘பாசிங் ஸ்ட்ரேஞ்ச்’ (மிகமிக விசித்திரம்), ‘வொண்ட்ரஸ் பிட்டிஃபுல்’ (வியக்கும்படி பரிதாபம்) என்று ஷேக்ஸ்பியர் ஒத்தெல்லோ நாடகத்தில் எழுதி 400 ஆண்டு ஆகிவிட்டது. இவை உங்கள் ஜோடிகளின் பாட்டன்கள். இந்தச் சொற்கள் தேயும் என்பதும் உண்மை. ‘ஆஃபுலி’யில் ஒருகாலத்தில் பிரமிப்பும் பயமும் இருந்தன, ‘டெரிப்லி’யில் திகில் இருந்தது. இன்று ‘ஆஃபுலி நைஸ்’ என்றால் ரொம்ப நல்லது, அவ்வளவுதான். ‘வெரி’கூட ‘மெய்’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம்மூரில் ‘மெய்யாலுமே’ என்பதைப் போல. தேய்ந்த காசு என்பதற்காக யாரும் காசை வீசிவிடுவதில்லை. என் சண்டை அதனோடு இல்லை.

‘வெரி குட்’ என்றால் எவ்வளவு நல்லது என்று மட்டும் சொல்கிறோம். ‘சர்ப்ரைசிங்லி குட்’ என்றால் இன்னொன்றும் சேர்கிறது: நல்லதாக இருக்காது என்று யாரோ நினைத்திருந்தார்கள். அந்த யாரோ யார்? ஒத்தெல்லோவில் தெரியும். நாயகன் ஒத்தெல்லோவின் கதையைக் கேட்டு அவன் காதலி டெஸ்டிமோனா அப்படிச் சொன்னதாக அவனே சபையில் சொல்கிறான். வியப்பு அவளுடையது. உங்கள் வரியில் யாருமில்லை. ‘ஐ வாஸ் சர்ப்ரைஸ்டு’ என்று எழுதியிருந்தாலாவது நீங்கள் அகப்பட்டிருப்பீர்கள். ‘சர்ப்ரைசிங்லி’யில் ஆளைக் கழற்றிவிட்டு, உலகமே ஆச்சரியப்பட்டது போல ஆக்கிவிட்டீர்கள்.

தமிழில் இது லேசில் முடியாது. ‘எனக்கு ஆச்சரியமாக இருந்தது’ என்கிறோம். ‘எனக்கு’ என்பதை விட்டாலும், சொல்பவருக்குத்தான் ஆச்சரியம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஆச்சரியப்படத்தக்க வகையில் சுத்தமாக இருந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. நம் பேச்சில் அதற்கு ஓர் ‘ஏ’ போதும்: ‘அறை சுத்தமா இருக்கே!’ முன்னால் ‘பரவாயில்லையே’ சேர்த்துவிட்டால் விடுதிக்காரர் முகம் சுருங்கும். அங்கேயும் அதே இளக்காரம்தான், ஆனால் பேசுகிறவர் நேரில் நிற்கிறார். தொல்காப்பியத்தில் வியப்புக்குப் பெயர் மருட்கை. ‘மதிமை சாலா மருட்கை’ என்று சூத்திரம். அறிவுக்கு எட்டாமல் திகைத்து நிற்பது. கூட்டித் துடைத்த அறையில் உங்கள் அறிவுக்கு எட்டாதது என்ன, சொல்லுங்கள்?

அறைகூடப் போகட்டும், அந்த வாட்ச்மேன்? வயதானவர், காக்கிச் சட்டை, வாசலில் உட்கார்ந்திருப்பவர், ஆகையால் ஆங்கிலம் வராது என்று முதலில் முடிவு கட்டினீர்கள். வந்தது என்றதும் ஆச்சரியம். அந்த முடிவை எங்கே எழுதினீர்கள்? எங்கேயும் இல்லை. அதை அந்த ‘எல்ஒய்’க்குள் மடித்து வைத்திருக்கிறீர்கள். படிக்கிறவனும் உங்களோடு சேர்ந்து அந்தக் கிழவரைக் குறைவாக நினைத்தால்தான் வாக்கியமே வேலை செய்யும். இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். தெரியாமல் செய்வதால்தான் இத்தனை கோபம் வருகிறது.

எதிர்பார்ப்பை மறைக்காமல் எழுத முடியும். 1909-இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர் கைகரும் இருபது வயது மாணவர் மார்ஸ்டெனும், கதிரியக்கப் பொருளிலிருந்து பாய்ந்து வரும் நுண்ணிய ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டின்மேல் செலுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய 8,000-இல் ஒன்று திரும்பி வந்தது. பிற்காலத்தில் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ரூதர்ஃபோர்டு அதைச் சொல்லும்போது, தன் வாழ்க்கையில் தனக்கு நடந்ததிலேயே நம்ப முடியாத சம்பவம் அதுதான் என்றார். 15 அங்குலக் குண்டை டிஷ்யூ பேப்பர்மேல் சுட்டு, அது திரும்பி வந்து நம்மையே தாக்கினால் எப்படியோ, ஏறக்குறைய அப்படி என்றார். ‘ஆல்மோஸ்ட் ஆஸ் இன்கிரெடிபிள்’ என்று அவரிடமும் அட்வெர்ப் உண்டு. ஆனால் யாருக்கு நடந்தது, எதை எதிர்பார்த்தார், என்ன வந்தது மூன்றையும் முன்னால் வைத்துவிட்டார். டிஷ்யூ பேப்பரைப் பார்த்த பிறகு அந்த ஆச்சரியம் நமக்கும் வருகிறது.

இனி அந்தக் காகிதம். அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். ஆபீசர் கையெழுத்துப் போடும் ஆங்கிலக் கடிதங்களுக்கு டிராஃப்ட் எழுதுவது அவர் வேலை. மாற்றலாகி வந்த புது ஆபீசர் ஒருவர், அப்பா வைத்த முதல் டிராஃப்டின் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: ‘சர்ப்ரைசிங்லி குட்’. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் அம்மா கோந்து தடவி ஒட்டிய பட்டை இன்னும் இருக்கிறது.

நான் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம். மாமா வந்திருந்தார். அப்பா காகிதத்தைப் பிரித்தார். நான் சொன்னேன்: “அப்பா, அது பாராட்டு இல்ல. உங்களுக்கு வராதுன்னு நெனச்சிருந்தேன், வருதேன்னு அர்த்தம்.” இன்று உங்களுக்குச் சொன்ன இலக்கணம் முழுவதையும் அன்று அவருக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். “அப்படியா, சரி” என்று மடித்து உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதை வெளியே எடுத்து நான் பார்க்கவில்லை.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் அப்பா அட்ஜெக்டிவை மட்டும் வாசித்து வந்தார், நான் உட்கார்ந்து அவருக்கு அட்வெர்பை வாசித்துக் காட்டினேன். அதை எழுதிய ஆபீசர்மேல் இப்போது எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்தச் சொல்லின்மேல்தான். அதனால்தான் உங்கள் வாட்ச்மேன் என்னைத் தூங்கவிடவில்லை.

போன வாரம்தான் அந்த டிராஃப்டையே முதல்முறையாக முழுக்கப் படித்தேன். இத்தனை வருடமும் ஓரத்துப் பச்சை மையைத் தாண்டி நான் போனதே இல்லை. ரெக்கார்டு ரூம் கூரை ஒழுகுவதைப் பற்றிய கடிதம். எத்தனாம் தேதி மழை, 37 ஃபைல் கட்டுகள் நனைந்தன, 11 கட்டுகளில் எழுத்தே தெரியவில்லை, ஓடு மாற்ற அனுமதி வேண்டும். ஆறு வரி. ஓர் அட்வெர்ப் இல்லை. படித்து முடித்ததும் எழுந்துபோய் அந்தக் கட்டுகளை நகர்த்தி வைக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

நீங்கள் அனுப்பிய வரியில் அந்தப் பெரியவர் பேசிய ஒரு வார்த்தைகூட இல்லையே, எஸ். நல்ல ஆங்கிலம் என்றால் என்ன சொன்னார்? எதைப் பற்றி? எங்கே கற்றார் என்று கேட்டீர்களா? விடுதியின் போன் நம்பர் உங்களிடம் இருக்கும். கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதி, அந்தப் பத்தியை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.