ஃபார்முலா 1-இல் தோற்றவர், டிடிஎம்-இல் ராஜா

கேள்வி: ஃபார்முலா 1-இல் சோபிக்காத ஒருவர் பிறகு பெரிய ரேஸ் வீரராக முடியுமா?
- வாசகர், சேலம்

பதில்: தாராளமாக முடியும். ஜெர்மனியின் பெர்ன்ட் ஷ்னைடரைப் பாருங்கள். 1987-இல் ஜெர்மன் ஃபார்முலா 3 சாம்பியன், அடுத்த ஆண்டே சாக்ஸ்பீட் அணியில் ஃபார்முலா 1 வாய்ப்பு. ஆனால் 1989-இல் யமஹா இன்ஜின் பொருத்திய அந்தக் காரை வைத்துக்கொண்டு 16 பந்தயங்களில் இரண்டே இரண்டில்தான் அவரால் தகுதிச் சுற்றைத் தாண்ட முடிந்தது, மற்ற வாரங்களில் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. திறமைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன், கார் அப்படி.

அப்புறம் டிடிஎம், அதாவது நாம் சாலையில் பார்க்கும் கார்களின் வடிவத்தில் நடக்கும் ஜெர்மன் டூரிங் கார் பந்தயம். அங்கே மெர்சிடிஸில் 1995, 2000, 2001, 2003, 2006 என ஐந்து பட்டங்கள், 43 வெற்றிகள். நடுவில் டிடிஎம் நின்றுபோன காலத்திலும் சும்மா இருக்கவில்லை, 1997-இல் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான எஃப்ஐஏ ஜிடி தொடரில் சாம்பியன். கடைசிப் பட்டம் வாங்கும்போது வயது 42, வளைவில் கதவோடு கதவு உரசும் பந்தயத்தில் பாதி வயதுக்காரர்களோடு மோதி வாங்கியது! 2008-இல் டிடிஎம்-ஐ விட்டார். சரி, முடிந்தது என்று நினைத்தால், 2013-இல் துபாய், நூர்பர்க்ரிங், ஸ்பா 24 மணி நேரப் பந்தயங்கள் மூன்றையும், பாத்தர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயத்தையும் அணியினரோடு சேர்ந்து ஒரே ஆண்டில் ஜெயித்தார். எனக்கு அவருடைய ஐந்து பட்டங்களைவிட இந்த ஒரு வருடம்தான் பெரிது.