வேலைக்குப் போன நாட்டிலிருந்து ஆசியா: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பதியர் அங்கிருந்தபடியே அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்த்து வருவது குறித்த கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்துதான் கடிதங்கள் அதிகம் வந்தன. பதில் எழுதும் நானும் என் கணவரும் ஒன்பது ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்துவிட்டு இப்போது செங்கோட்டையில் குடியிருக்கிறோம். சுற்றுலா விசா விதிகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அவை மாறிவிடக்கூடும் என்பதால், அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது.

என் கணவருக்குச் சிங்கப்பூரில் இரண்டாண்டு ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் நானும் போகிறேன். அவருக்கு ஆண்டுக்கு 14 நாள்தான் விடுப்பு. இரண்டு ஆண்டுகளில் பத்து நாடுகளைப் பார்த்துவிடலாம் என்கிறார்கள் அவருடைய நண்பர்கள். முடியுமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

முடியும். பத்து விமான நிலையங்களையும் பத்து விடுதி அறைகளையும் பார்த்திருப்பீர்கள். விடுப்புக் கணக்கை முதலில் போடுங்கள். ஊரில் ஒரு கல்யாணம், ஒரு கோயில் நோன்பு என்று வந்தால் பாதி விடுப்பு அதற்கே போய்விடும். மிஞ்சுவது ஆறேழு நாள். அதோடு சிங்கப்பூரின் 11 பொது விடுமுறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமையும் விடுமுறை என்பதால், ஆண்டுக்கு மூன்று நான்கு நீண்ட வார இறுதிகள் கிடைக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரு பெரிய பயணம், மூன்று சிறிய பயணங்கள் என்பதுதான் உடம்பும் பணமும் தாங்கும் அளவு. சீனப் புத்தாண்டின் இரண்டு நாள் விடுமுறையில் மட்டும் வியட்நாமுக்குப் போகாதீர்கள். அங்கேயும் அதே நாளில் புத்தாண்டு வருவதால் கடைகள் அடைத்திருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது.

பருவத்தைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுப்பது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடுதிகள் பெரும்பாலும் மூடியே இருக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. நடு வியட்நாமில் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வரும். வட தாய்லாந்தின் சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை மலைகளை மூடிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சார்ந்திருப்போர் அனுமதியில் (Dependant's Pass) செல்லும் மனைவி அங்கே வேலை பார்க்க விரும்பினால், தமக்கெனத் தனி வேலை அனுமதி பெற வேண்டும் என்பது 2021 மே முதல் உள்ள விதி. எனவே முதல் சில மாதங்கள் உங்கள் கணவருக்கு நேரமே இருக்காது, உங்களுக்கு நேரம் போகாது. அவருக்காகக் காத்திருந்து சலித்துப்போகாமல் வார நாளில் நீங்கள் மட்டும் பேருந்தில் மலேசியாவின் மலாக்காவுக்குப் போய் வாருங்கள். சுமார் நான்கு மணி நேரப் பயணம். அங்கே 1781இல் கட்டப்பட்ட பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் இருக்கிறது. அதைக் கட்டிய மலாக்கா செட்டிகள் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். பெயரும் சைவமும் பொங்கலும் அவர்களிடம் நிலைத்திருக்க, வீட்டுமொழி மட்டும் மலாயாகிவிட்டது. கேரள எல்லைக்குள் இருந்துகொண்டு வீட்டில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு அந்தத் தெருவில் கேட்பதற்கு நிறையக் கேள்விகள் இருக்கும்.

வரும் உகாதி சமயத்தில் பாலித் தீவில் இருப்போம். அங்கேயும் இந்துக்கள்தானே, கொண்டாட்டம் எப்படி இருக்கும்?
– வாசகர், நகரி

நான் சந்தித்த சங்கடத்திலிருந்து நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். நாங்கள் 2023 மார்ச் 21ஆம் தேதி மாலை பாலியில் இறங்கினோம். தெருவெங்கும் ஓகோ ஓகோ என்னும் பெரிய பூத உருவங்களைத் தோளில் சுமந்து ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நம்மூர்த் தேர்த் திருவிழாவைப் போல இருக்கும் என்று எண்ணிப் படுத்தோம். விடிந்தால் ஊரில் ஒரு சத்தம் இல்லை. அன்று நியெப்பி, பாலியில் வழங்கும் சக நாட்காட்டியின் புத்தாண்டு நாள். விளக்கேற்றக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே நடமாடக் கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். கைப்பேசி இணையமும் நிறுத்தப்படும். தெருவில் காவலுக்கு நிற்கும் ஊர்க்காரர்கள், வாசலுக்கு வந்த என் கணவரை மரியாதையாக உள்ளே திருப்பி அனுப்பினார்கள். முன்பதிவு செய்தபோது விடுதிக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் இருந்த முறுக்கும் பழமும்தான் அன்றைக்கு எங்கள் பகல் உணவு. ஆனால் அன்றிரவு பார்த்த அளவுக்கு நட்சத்திரங்களை அதற்குப் பின் நான் எங்கும் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு உகாதியும் அதே மார்ச் 22தான். இரண்டும் சக ஆண்டுக் கணக்கில் அமாவாசையை ஒட்டி வருபவை என்றாலும், எல்லா ஆண்டும் ஒன்றாக வருவதில்லை. 2024இல் நியெப்பி மார்ச் 11, உகாதி ஏப்ரல் 9. ஆகவே இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பார்த்து, நியெப்பிக்கு முந்தைய நாளே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொண்டாட்டம்தான் வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவில் தாய்லாந்துக்குப் போங்கள். நமக்குச் சித்திரை முதல் நாளாகவும் மலையாளிகளுக்கு விஷுவாகவும் இருப்பது, அங்கே சங்கிராந்தி என்ற சொல்லிலிருந்து வந்த சொங்கிரான். மூன்று நாள் முழுக்க நனைந்துகொண்டே இருக்கலாம்.

அங்கோர் வாட் கோயிலைத் தமிழ் மன்னர் கட்டியதாக என் வாட்ஸாப்பில் வாரம் ஒரு செய்தி வருகிறது. கோலாலம்பூரில் இருக்கும் மகனும் மருமகளும் போகப்போகிறார்கள். அவர்களிடம் என்ன பார்த்து வரச் சொல்லலாம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், புளியரை

அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள், ஐயா. அங்கோர் வாட்டைக் கட்டியவர் கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர் இரண்டாம் சூரியவர்மன். காலம் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதி. முதலில் திருமாலுக்கென எழுந்து பிறகு பௌத்தத் தலமான அந்தக் கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே முகப்பில் நல்ல வெயில் விழுவது பிற்பகலில்தான். ஒரு நாள் அனுமதிச்சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். கால்வலி பொறுக்க முடிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. கெமர் சிற்பியின் உழைப்பை நம் பெயரில் எழுதிக்கொள்வானேன்? நம்மவர்கள் உண்மையாகவே விட்டுவந்த தடங்கள் அந்தப் பக்கத்தில் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகிறவர்கள்தான் குறைவு.

மகன் கோலாலம்பூரில் இருப்பதால் முதலில் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகட்டும். ராஜேந்திர சோழரின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வரும் கடாரம் அந்தப் பகுதிதான். ஜெராய் மலையடியில் மெர்போக் என்ற ஊரில் அருங்காட்சியகமும், அதை அடுத்துப் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளமும் இருக்கின்றன. கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கருவறையும் மண்டபமும் எங்கே நின்றன என்பதை மட்டும் தரையில் காணலாம். கூரை மரத்தால் ஆனது என்பதால் மிஞ்சவில்லை. அதே பள்ளத்தாக்கில் வேறொரு கோயில் இடம் 2013இல் மனைப்பணிக்காக இடித்துத் தள்ளப்பட்டது. எனவே தள்ளிப் போடாமல் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் புளியரைக்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். தென் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் வெட்டப்பட்டதையும், அதன் காவல் மணிக்கிராமத்தாரிடம் விடப்பட்டதையும் கூறுகிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னர் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் ஒரு வணிகக் குழு. உங்கள் ஊர் வழியாக ரயில் போகும் கொல்லத்தில், 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அந்தக் குழு வருகிறது. ஒரே நூற்றாண்டில் கடலின் இரு கரையிலும் அதே பெயர். இன்னும் தொலைவு போக முடிந்தால் சீனத்தின் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், அங்கே இருந்த சிவன் கோயிலின் சிற்பக் கற்களும் உள்ளன. அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் கொழும்பு அருங்காட்சியகம் போதும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409இல் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்த கல் அங்கே இருக்கிறது.

என் தாத்தாவின் அண்ணன் மலேயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. பாங்காக்கில் வேலை செய்யும் என் மகளும் மருமகனும் அந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறார்கள்.
– வாசகி, தேவிகுளம்

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி வழியாக நாம் தோக் வரை இப்போதும் ரயில் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் 1942–43இல் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு பர்மா வரை அமைத்த 415 கிலோமீட்டர் பாதையில் மிச்சம் இருப்பது அதுதான். குவாய் ஆற்றுப் பாலத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும். அதைக் கடந்து, பாறையை ஒட்டி மரச்சட்டங்களின் மேல் போகும் தாம் கிராசே வரை ரயிலிலேயே செல்லட்டும். பாறையைப் பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே உடைத்து வழி செய்த ஹெல்ஃபயர் கணவாய்க்கு அங்கிருந்து சாலை வழியாகப் போக வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே மகளிடம் சொல்லி அனுப்புங்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லும் பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. அந்தக் கைதிகளைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் மாண்ட தமிழ், மலாய், பர்மியத் தொழிலாளர்களுக்கு அப்படி வரிசைக் கற்கள் இல்லை. பெயர் தேடி நடந்தால் கிடைக்காது. கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரயில் பாதை அருங்காட்சியகத்தில் ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்கிறார்கள். பெரியவரின் பெயரும், அவர் இருந்த தோட்டத்தின் பெயரும், நினைவிருக்கும் ஆண்டும் எழுதிய தாள் ஒன்றை மகள் கையில் கொடுத்தனுப்புங்கள். ஆற்றங்கரையில் ஓர் அகல் ஏற்றிவிட்டு வரவும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

என் பெற்றோர் பத்தாம் வகுப்பு படிக்காததால் அவர்கள் கடவுச்சீட்டில் குடியகல்வுச் சோதனை தேவை (ECR) என்ற குறிப்பு இருக்கிறது. எங்களோடு மலேசியா சுற்றிப் பார்க்க வர முடியுமா?
– வாசகர், குப்பம்

தாராளமாக வரலாம். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் குடியகல்வு அனுமதி கட்டாயம், சுற்றுலாவுக்குத் தேவையில்லை. திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடச் சான்று இரண்டையும் அச்சிட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். உங்கள் கைப்பேசியில் இருந்து பயனில்லை. கடவுச்சீட்டில் ஆறு மாத ஆயுளாவது மிச்சம் இருக்க வேண்டும்.

மகனும் மருமகளும் ஜப்பான், கொரியா என்று சுற்றுகிறார்கள். இரண்டு ஆண்டாக ஊருக்கு மட்டும் வரவில்லை. இது நியாயமா?
– தாயார், களியக்காவிளை

நியாயமில்லை, அம்மா. ஆனால் அவர்கள் வந்தால் பத்து நாளில் எத்தனை உறவினர் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாங்கள் ஒரு முறை எட்டு நாளில் பதினாறு வீடுகளில் காப்பி குடித்தோம். அடுத்த முறை நீங்களே புறப்பட்டுப் போய், அவர்களோடு ஒரு பயணத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் அந்த நாடுகளில் என்ன செய்வது?
– வாசகி, பாறசாலை

வியட்நாமில் "சாய்" என்றும் தாய்லாந்தில் "ஜே" என்றும் கேளுங்கள். பௌத்த விரத உணவுக்கு அங்குள்ள பெயர் அது. மாமிசம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் சாற்றை ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் கணக்கில் அது மாமிசமில்லை. வியட்நாமில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிப் பலர் விரதம் இருப்பதால் அன்று சைவக் கடைகளில் வகைகள் அதிகம். ஜப்பானில்தான் சிரமம், தெளிந்த சாற்றில்கூட மீன் இருக்கும். இந்தோனேசியத் தெருவில் கூவென்று நீராவி கூவும் சத்தம் கேட்டால் நில்லுங்கள். மூங்கில் குழலில் அரிசி மாவும் பனைவெல்லமும் வைத்து அவித்து, தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். அதன் பெயர் புத்து. உங்கள் ஊரில் பயறும் பழமும் சேர்த்துச் சாப்பிடும் புட்டின் தம்பிதான் அது.

நீங்களும் உங்கள் கணவரும் பயணத்தில் சண்டை போட்டதுண்டா?
– வாசகர், ஆரியங்காவு

வியட்நாமின் ஹனோயில் போட்டோம். அங்கிருந்து சைகோன் வரையிலான 1,726 கிலோமீட்டரை ரயிலில் போக வேண்டும் என்றேன் நான். ஒன்றரை நாளை ரயிலில் கழிக்க விடுப்பு எங்கே இருக்கிறது என்றார் அவர். கடைசியில் தா நாங் வரைக்கும் ரயில், அங்கிருந்து விமானம் என்று முடிவாயிற்று. ஏறி உட்கார்ந்ததும் என் கணவர் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, "இது மீட்டர் கேஜ்" என்றார். செங்கோட்டை–புனலூர்ப் பாதையில் 2010இல் நின்றுபோன அதே அகலம். பள்ளிப் பருவத்தில் அந்த ரயிலில்தான் அவர் தென்காசிக்கும் கொல்லத்துக்கும் போய் வந்தவர். ஹுவே தாண்டி ஹாய் வான் மலையில் வண்டி கடலை ஒட்டி வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும், புனலூர்ப் பாதையின் பதிமூன்று கண் பாலம் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு தா நாங் வரும் வரை சன்னல் இருக்கையை எனக்கு விடவே இல்லை. சண்டை அதற்காகவும் நடந்தது.