பறிக்கும் முன் பட்டினி போடலாமா?

மாடித்தோட்டம்: கேள்வி - பதில்

கேள்வி: கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) மட்டும் நிரப்பிய ஆறு பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். 'பறிப்பதற்கு முன் இரண்டு வாரம் உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் விட்டால் ருசி கூடும்' என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அப்படியே செய்தேன். இப்போது அடி இலையெல்லாம் மஞ்சள். காயின் அடிப்பக்கம் கறுக்கிறது. இரண்டு பழம் வெடித்தும் விட்டது. எங்கே தப்பு?
- வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: தங்கச்சி, அந்த யோசனை தக்காளிக்கு ஆகாது. கீழ்க்கொத்து பழுக்கும்போது நடுக்கொத்து காயாக நிற்கும், உச்சியில் பூ இருக்கும். கீழே இருக்கிற நாலு பழத்துக்காகச் சாப்பாட்டை நிறுத்தினால் மேலே இருப்பதும் சேர்ந்து பட்டினி கிடக்கும். செம்மண் தொட்டியாக இருந்தால் கையிருப்பை வைத்து ஓட்டியிருக்கும். நார்க்கழிவில் கொஞ்சம் பொட்டாசியத்தைத் தவிர பெரிதாக ஒன்றும் கிடையாது. அதிலும் அதற்கு ஒரு குணம் உண்டு: நாம் கொடுக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தான் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். நீங்கள் வெறும் தண்ணீராக விட்டுக் கழுவினால் செடிக்கு என்ன மிஞ்சும்?

காயின் அடி கறுப்பது நோய் இல்லை, மருந்து அடிக்காதீர்கள். கால்சியம் தண்ணீரோடு மட்டும்தான் செடிக்குள் ஏறும், காயின் அடிமுனைக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். மதியம் காய்ந்து, சாயங்காலம் மொத்தமாகக் குடித்தால் அந்த முனைக்குக் கிடைக்காமல் போகும். பழம் வெடித்ததும் அதே ஏற்ற இறக்கத்தால்தான். கறுத்த காய் இனித் தேறாது, கிள்ளி எறியுங்கள்.

கோகோபீட்டின் மேல்பாகம் வெளுத்துக் காய்ந்தது போலத் தெரியும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. பையின் ஓரத்தைப் பிடித்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் என் பழக்கம். கனமாக அசைந்தால் விட்டுவிடுவேன், லேசாகச் சாய்ந்தால் தண்ணீர். சந்தேகமாக இருந்தால் நாலு விரல் ஆழத்தில் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். இரண்டு மூன்று சொட்டு விழுந்தால் போதுமான ஈரம். ஏப்ரல், மே வெயிலில் என் மாடியில் காய்ப்பில் இருக்கும் ஒரு செடிக்குக் காலையில் ஒரு லிட்டர், நாலரை மணிக்கு முக்கால் லிட்டர் பிடிக்கிறது. கொஞ்சம் அடியில் வடிகிற மாதிரி விடுவேன்.

உரத்தை வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாகப் போடாமல் தினம் கொஞ்சமாகக் கொடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், காய் பிடித்ததும் அதற்குப் பதில் சாம்பல் சத்து அதிகமான 13:0:45. வாரத்தில் இரண்டு நாள் அதை விட்டுவிட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட். இரண்டையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கலக்காதீர்கள். ஒருமுறை அவசரத்தில் கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்பேட்) ஒரே பாட்டிலில் கரைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி, அடியில் வெள்ளையாக ஒரு விரல்கடை படிந்திருந்தது. எல்லாம் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து உறைந்த ஜிப்சம்! செடிக்குப் போக வேண்டியது பாட்டிலில் தங்கிவிட்டது.

அப்புறம், பழம் செடியிலேயே முழுதாகச் சிவக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம்ம ஊர்க் கோடையில் சூடு அதிகமாகி மஞ்சளோடு நின்றுவிடும். அடியில் லேசாக நிறம் திரும்பியதுமே பறித்து அடுப்படியில் நிழலாக வையுங்கள். சிவந்துவிடும், வெடிக்கவும் வெடிக்காது.

கேள்வி: கோகோபீட் தொட்டியில் லெட்யூஸ் (சாலட் கீரை) போட்டிருக்கிறேன். மேலே பச்சையாகப் பாசி, சின்னச் சின்னக் கொசு. எத்தனை வேளை தண்ணீர் விடுவது? வெட்டுவதற்கு முன் உரத்தை நிறுத்தணுமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: வேளைக் கணக்கை விடுங்கள் சார். சேலத்தில் காலையில் விட்டது மாலைக்குள் காணாமல் போகும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி உங்கள் ஊருக்கு வந்தால், பனிமூட்ட நாளில் இலை தண்ணீரை இழுக்கவே இழுக்காது. மூன்று நாள் ஆனாலும் தொட்டி கனமாகவே இருக்கும், வேருக்குக் காற்று கிடைக்காது. உங்களுக்கு வந்திருக்கும் பாசியும் கொசுவும் அந்த ஓயாத ஈரத்தால்தான். அடித்தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடுத்த முறை கால்பங்கு உமிக்கரி கலந்து நிரப்புங்கள்.

உரத்தை நிறுத்துவது உங்களுக்குத்தான் பொருந்தும். மேகம் மூடிய நாட்களில் வெளிச்சம் போதாமல் கீரை இலைகளில் நைட்ரேட் தங்கிப்போகும். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தழைச்சத்தை நிறுத்துங்கள். மொத்தமாக வெட்டி எடுக்கிற பயிர், அதனால் இழப்பு இல்லை. பஞ்சகவ்யா ஊற்றுகிறவராக இருந்தால் பச்சையாகத் தின்கிற இலை மேல் எப்போதுமே படக்கூடாது. கொத்தமல்லி, புதினாவுக்கும் இதேதான்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷினில் வீணாகும் தண்ணீரை கோகோபீட் தொட்டிகளுக்கு ஊற்றலாமா?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: தினமும் வேண்டாம்மா. நம்ம போர் தண்ணீரே பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற ரகம். அதிலிருந்து நல்லதை எடுத்துக்கொண்டு மெஷின் வெளியே தள்ளுவது இன்னும் உப்பு. தரையில் நிற்கும் முருங்கைக்கு ஊற்றினால் மண்ணோடு இறங்கிப் போகும், தொட்டியில் எங்கே போகும்? நான் செய்து பார்த்தவள்தான். ஒரு மாதத்தில் கொத்தமல்லி நுனியெல்லாம் கருகியது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் விடுகிற தண்ணீர் 700, அடியில் வடிந்தது 2,100. இப்போது அதில் மாடிப்படி கழுவுகிறோம்.

உங்கள் பையின் அடித்துளையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால், பை கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரை நிதானமாக ஊற்றி வடியவிடுங்கள். வடிந்த கையோடு பாதி அளவு உரத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.