சர்வரில் புதிதாகப் போட்ட ரேம் தெரியவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: 25 பேர் வேலை செய்யும் அலுவலகம் எங்களுடையது. கணக்கு மென்பொருளுக்கும் பொதுக் கோப்புகளுக்கும் டெல் பவர்எட்ஜ் ஆர்730 சர்வர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். ஸியான் இ5-2620 வி4 ப்ராசசர் ஒன்றும் 16 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டும் அதில் இருந்தன. இன்னும் நான்கு ஸ்டிக் வாங்கி, முழுக்கக் காலியாக இருந்த பக்கத்தில் போட்டோம். சர்வர் ஓடுகிறது. ஆனால் ரேம் இன்னமும் 32 ஜிபி என்றே காட்டுகிறது. 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்றை, கார்டுகளைச் செருகும் துணைப் பலகைகளில் (ரைசர்) முதலாவதில் செருகினோம், அதுவும் தெரியவில்லை. மதர்போர்டு பழுது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார் விற்றவர். இதற்கு நடுவில் முன்பக்கச் சின்னத் திரை ஆரஞ்சு நிறமாகி, பேட்டரி பழுது என்று ஓடுகிறது. என்ன செய்யலாம்? இரண்டாவது ப்ராசசர் வாங்கிப் போடலாமா?

பதில்: போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் போர்டு நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரேமையும் கார்டையும் நீங்கள் போட்ட இடங்கள், பெட்டியில் இல்லாத இரண்டாவது ப்ராசசருக்கு உரியவை. அவ்வளவுதான்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் அடுத்து வரும் எல்லா முடிவுகளையும் நீங்களே எடுத்துவிடலாம். ஒரு காலத்தில் ரேமைக் கட்டுப்படுத்தும் சுற்று மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. எத்தனை ப்ராசசர் இருந்தாலும் எல்லாம் அந்தச் சில்லின் வழியாகத்தான் ரேமைத் தொட வேண்டும். ஏஎம்டி தன் ஆப்டெரான் ப்ராசசரில் 2003-லேயே அந்தச் சுற்றை ப்ராசசருக்குள் கொண்டுவந்துவிட்டது. இன்டெல் அதே வேலையை இரண்டு ப்ராசசர் சர்வர்களில் 2009-ல் செய்தது. 2012-ல் வந்த முதல் இ5 வரிசையில், கூடுதல் கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழித்தடங்களும் ப்ராசசருக்குள் போய்விட்டன. பழைய போர்டுகளில் வேலை பழகியவர்களுக்கு, ஸ்லாட் வேலை செய்யவில்லை என்றால் முதலில் போர்டு மேல்தான் சந்தேகம் வரும். அன்றைக்கு அது நியாயமான சந்தேகம். இந்தத் தலைமுறைப் பெட்டிக்கு அது பொருந்தாது.

உங்கள் ஆர்730-ஐ ஒரே பெட்டிக்குள் ஒட்டிப் பிறந்த இரண்டு கணினிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போர்டில் ரேமுக்கு 24 ஸ்லாட்டுகள். அதில் 12 முதல் ப்ராசசருக்கு, ஏ1 முதல் ஏ12 வரை. மீதி 12 இரண்டாவதற்கு, பி1 முதல் பி12 வரை. ஒவ்வொரு ப்ராசசரிலிருந்தும் 40 பிசிஐ வழித்தடங்கள் கிளம்பி அதனதன் ரைசர்களுக்குப் போகின்றன. இரண்டு ப்ராசசர்களுக்கும் நடுவில் கியூபிஐ என்ற வேகமான இணைப்பு உண்டு. ஒன்றின் ரேமை மற்றொன்று கேட்டால் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். இரண்டாவது ப்ராசசரே இல்லையென்றால் பி பக்கத்து ஸ்லாட்டுகளின் கம்பிகள் காலியான சாக்கெட்டில் போய் முடிகின்றன. சர்வரைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸால் அங்கே எதையும் பார்க்க முடியாது.

இதைக் கண்ணால் பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாம். சர்வரை முறையாக அணைத்துவிட்டு, இரண்டு பவர் கேபிள்களையும் கழற்றுங்கள். பட்டனை அழுத்தி அணைத்தால் மட்டும் போதாது. கேபிள் செருகியிருக்கும் வரை ஐடிராக் என்ற தனிக் குட்டிக் கணினி உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும், போர்டில் மின்சாரம் இருக்கும். கேபிளைக் கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமும் வடிந்துவிடும். மேல் மூடியைத் திறந்ததும் அதைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். ஸ்லாட்டுகளின் வரைபடம் அங்கேயே ஒட்டியிருக்கும். விற்றவர் அதை ஒருமுறை படித்திருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சலே இருந்திருக்காது. நடுவில் காற்றை வழிநடத்தும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை நேராக மேலே தூக்கி எடுத்துவிடுங்கள். அதன் அடியில் ப்ராசசரைக் குளிர்விக்கும், உலோகத் தகடுகள் அடுக்கிய ஹீட்சிங்க் ஒரு இடத்தில்தான் இருக்கும். மற்ற இடத்தில் வெறும் மூடியோ காலிச் சாக்கெட்டோ தெரியும். பெட்டியைத் திறக்கத் தயக்கமாக இருந்தால், எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் ப்ராசசர் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் ஒன்றுதான் பட்டியலில் இருக்கும்.

இப்போது ரேம். மூடியைத் திறந்த கையோடு, வாங்கிய நான்கையும் எடுத்து ஏ பக்கத்துக்கு மாற்றிவிடலாம். அதற்கு முன் ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'பிசி4-2400டி' என்று எழுதி, ஒரு சிறு கோடு போட்டு, அடுத்து ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்டு ரேம், 'எல்' என்றால் எல்ஆர்டிம் என்ற வேறு வகை. இரண்டையும் ஒரே சர்வரில் கலக்கக் கூடாது. பழையது, புதியது எல்லாவற்றிலும் ஒரே எழுத்துதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2400 என்று போட்டிருந்தாலும் உங்கள் ப்ராசசரில் 2133 வேகத்தில்தான் ஓடும். அது ப்ராசசரின் எல்லை, ரேமில் குறை எதுவும் இல்லை.

எந்த வரிசையில் போடுவது? ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுகளின் நிறமே சொல்லிவிடும். முதலில் வெள்ளை, ஏ1 முதல் ஏ4. அப்புறம் கறுப்பு, ஏ5 முதல் ஏ8. கடைசியாகப் பச்சை. ஒவ்வொரு ப்ராசசருக்கும் ரேமுக்குப் போக நான்கு தனித்தனிப் பாதைகள் உண்டு. நான்கு வெள்ளை ஸ்லாட்டுகளும் நிரம்பினால்தான் நான்கு பாதையும் ஓடும். 2133 வேகத்தில் ஒரு பாதைக்கு நொடிக்குச் சுமார் 17 ஜிபி, நான்கும் சேர்ந்தால் 68 ஜிபி. இரண்டே ஸ்டிக்கோடு ஓடிய உங்கள் சர்வர் இத்தனை நாளும் பாதிப் பாதையை மூடிவைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. ரேமின் அளவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆறு ஸ்டிக் என்பது கொஞ்சம் சங்கடமான எண்ணிக்கை. ஏ1 முதல் ஏ6 வரை போட்டால் 96 ஜிபியும் தெரியும், வேலையும் செய்யும். ஆனால் இரண்டு பாதைகளில் இரண்டிரண்டு, மற்ற இரண்டில் ஒவ்வொன்று என்று ஆகிவிடுவதால், ரேமின் ஒரு பகுதி இரண்டே பாதையில் ஓடும். முடிந்தால் அதே வகையில் இன்னும் இரண்டு வாங்கி எட்டாக்கிவிடுங்கள். பச்சை ஸ்லாட்டுகளை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஒரு பாதையில் மூன்றாவது ஸ்டிக் ஏறினால் எல்லா ரேமின் வேகமும் 1866-க்கு இறங்கிவிடும்.

நெட்வொர்க் கார்டுக்கும் இதே கதைதான். முதல் ரைசரின் மூன்று ஸ்லாட்டுகளும் இரண்டாவது ப்ராசசருடையவை. கார்டைப் பின்பக்கம் மறுகோடியில் இருக்கும் மூன்றாம் ரைசருக்கு மாற்றுங்கள், உடனே தெரியும். டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டும் பெட்டியோடு வந்த நெட்வொர்க் போர்ட்டுகளும் முதல் ப்ராசசரோடு இணைந்தவை. அவை மட்டும் எப்படிச் சிக்கலில்லாமல் ஓடின என்பதற்கு இதுதான் காரணம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கார்டு டெல் நிறுவனத்துடையதாக இல்லாவிட்டால், அது தெரிய ஆரம்பித்ததும் விசிறிகள் பெரும் சத்தத்தோடு சுழலக்கூடும். தனக்குத் தெரியாத கார்டு எவ்வளவு சூடாகும் என்று ஐடிராக்கால் கணக்குப் போட முடியாது, அதனால் பாதுகாப்புக்கு வேகத்தைக் கூட்டிவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம். இந்த நடத்தையை அணைத்துவைக்க வழி இருக்கிறது. ஆனால் 10 கிகாபிட் கார்டுகள் நன்றாகவே சூடாகும், அதனால் சர்வர் தனி அறையில் இருந்தால் சத்தத்தை அப்படியே விட்டுவிடுவேன்.

சரி, இரண்டாவது ப்ராசசர் வேண்டுமா? உங்கள் வேலைக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. ஏ பக்கத்து எட்டு ஸ்லாட்டிலேயே 128 ஜிபி கிடைக்கிறது. கார்டுக்கு இடம் இருக்கிறது. 25 பேர் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளுக்கு எட்டு கோர் பெரும்பாலும் தாராளம். இன்னொரு 2620 வி4 வாங்கிப் போட்டால் கோர் 16 ஆகும், ஆனால் ஒவ்வொரு கோரும் அதே 2.1 கிகாஹெர்ட்ஸ்தான். ஒருவர் ஒரு அறிக்கையைத் திறக்க ஆகும் நேரம் அதனால் குறையாது. கூடவே ஹீட்சிங்க் வேண்டும். ஒற்றை ப்ராசசரோடு வந்த பெட்டிகளில் சில விசிறி இடங்கள் மூடிவைக்கப்பட்டிருக்கலாம், அங்கே விசிறியும் வேண்டும். ரேமையும் இரு பக்கமும் சமமாகப் பிரித்துப் போட வேண்டும். விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள்) வைத்திருந்தால், ஒரு மெஷினின் ரேம் இரண்டு பக்கமும் சிதறி, பாலத்தைத் தாண்டித் தாண்டி ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகம் போதவில்லை என்று பிறகு தோன்றினால், இருக்கும் ஒன்றை எடுத்துவிட்டு இ5-2680 வி4 ஒன்றைப் போடுவதையே நான் சொல்வேன். 14 கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது 3.3 வரை ஏறும், ரேமும் 2400 வேகத்துக்குப் போகும். 85 வாட்டிலிருந்து 120 வாட்டுக்கு ஏறுவதால் ஹீட்சிங்க் அதைத் தாங்கும் வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சர்வர் போட்டிருந்தால் உரிமக் கணக்கும் ஒத்துவருகிறது. 2016 பதிப்பிலிருந்து ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்கியாக வேண்டும். எட்டு கோருக்கும் 16-க்கான பணத்தைத்தான் கட்டியிருப்பீர்கள், 14-க்கும் அதுவே போதும்.

கடைசியாக அந்த ஆரஞ்சுத் திரை. நீங்கள் கேட்டவற்றில் நிஜமான பழுது இது ஒன்றுதான், பெரும்பாலும் ரெய்டு கார்டின் பேட்டரி. ரெய்டு கார்டில் எழுதவேண்டிய தரவைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் நினைவகம் இருக்கிறது. மின்சாரம் போனால் அதில் இருப்பதை, மின்சாரம் இல்லாமலும் தரவைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் பத்திரமாக மாற்றும் வரை தாக்குப்பிடிக்கத்தான் அந்தப் பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால் கார்டு அந்த நினைவகத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் நேராக டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். தரவுக்கு ஆபத்தில்லை, ஆனால் எழுதும் வேகம் நன்றாகவே விழும். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவு போடும்போது சர்வர் இழுக்கிறது என்றால் காரணம் இதுவாகவே இருக்கலாம். பேட்டரி இல்லாமலே பழைய வேகத்தைக் கட்டாயமாக வைத்துக்கொள்ள அமைப்பில் ஒரு தேர்வு உண்டு, யாராவது அதைப் போட்டுத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். ஒரே ஒரு மின்வெட்டில் அன்றைய கணக்கு சிதைந்துபோகலாம். உங்கள் ரெய்டு கார்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய பேட்டரியை வாங்குங்கள். ரேமை மாற்றப் பெட்டியைத் திறக்கும் அன்றைக்கே அதையும் மாற்றிவிட்டால் ஒருமுறை அணைத்தால் போதும். புதுப் பேட்டரி சார்ஜ் ஏறியதும் திரை தானாக நீலத்துக்குத் திரும்பிவிடும்.